தோக்கியோ மகாநாடும் வன்னியும்

இலங்கையின் இனப்பிணக்கிலே பிறநாட்டார் மேற்கொண்ட முயற்சிகளுள் 2002ஆம் ஆண்டு நோர்வேயின் அனுசரணையுடன் தொடங்கியதே மிக விரிந்தது எனலாம். அவ்வாண்டு பெப்ருவரி 22ஆம் நாள் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க போர்நிறுத்த உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டது வவுனியாவிலாகும். ஏப்பிரலிற் கண்டி வீதி யாழ்ப்பாணம்வரை திறக்கப்பட்டது. வன்னி மாந்தருக்கு உடன்படிக்கையென்பது முதற்கண் அவ்வீதியும், அதன்வழி வந்த சீமெந்தும் மண்ணெண்ணெயுமே.

திசெம்பரில் ஒஸ்லோவிற் கூடிய இருதரப்பினரும் ஐக்கிய இலங்கைக்குள் கூட்டாட்சி அமைப்பொன்றை ஆராய இசைந்தனர். 2003 யூன் 9, 10ஆம் நாட்களில் தோக்கியோவிற் கூடிய நாடுகளும் நிறுவனங்களும் ஏறத்தாழ 450 கோடி டொலர் வழங்க வாக்களித்தன; சமாதான முயற்சியின் முன்னேற்றத்துடன் அவ்வுதவியைப் பிணைத்தும் வைத்தன. ஆயின் விடுதலைப் புலிகள் அங்குச் சமுகமளித்திலர். அமெரிக்கத் தடை காரணமாக ஏப்பிரலில் வாசிங்டன் கூட்டத்திற்கு அவர்கள் செல்லவியலாது போயிற்று. அதன்பின் அவர்கள் பேச்சுக்களையே இடைநிறுத்தியிருந்தனர்.

இத்துணைப் பெருங்கொடை பயனற்றுப் போனமை யாதுபற்றி? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பைத் திருத்தப் பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டும். பிரதமருக்கு அஃதில்லை, சனாதிபதி சந்திரிகாவோ எதிர்க்கட்சியைச் சார்ந்தவர். 2003 நவம்பர் 4இல் அவர் பாதுகாப்பு உள்ளிட்ட மூன்று அமைச்சுக்களைத் தம் வசப்படுத்தினார். பணம் பாலங்கட்டும், வாக்குச் சேர்க்குமோ? சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் பிரிவினைக்கு முகங்கொடுத்த மொல்டோவா, தினியெசுத்தர் ஆற்றங்கரைப் பிணக்குத் தீராதிருந்தபோதும், 1994இற் சட்டமியற்றிக் ககவுசியர்க்குத் தன்னாட்சி அளித்தது. ஈங்கு அத்தகைய சட்டம் பாராளுமன்ற வாயிலையும் அணுகவில்லை.

பிறிதொரு குறையையும் மறைத்தல் தகாது. அனுசரணையாளர் ஆயுதந்தாங்கிய இருதரப்பாரையே நோக்கினர். முசிலிம் மக்களுக்குத் தனித்தரப்பாக இடமில்லை. மாற்றுக்கருத்தினர் கொலையுண்டதையும், சிறார் படையிற் சேர்க்கப்பட்டதையும் கண்காணிப்புக் குழுவினர் பதிவுசெய்தனர். தடுக்கும் அதிகாரம் அவர்க்கில்லை. சனநாயகச் சீர்திருத்தம் கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் ஒருங்கே வேண்டப்பட்டதென்பதே எமது துணிபு.

கடற்கோளின்பின் 2005 யூன் 24இல் நிவாரணப் பொதுக்கட்டமைப்புக்கான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதன் பிராந்தியக் குழுவின் நிலையம் கிளிநொச்சியில் அமைதற்கு யூலை 15இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. முல்லைத்தீவுக் கரையிற் கூடாரங்களில் இருந்தோர் ஆண்டிறுதியிலும் வீட்டுக்காகக் காத்திருந்தனர்.