‘மௌனம்’: மிதித்தவர் துரோகியா?

கிறிஸ்தவ நாவல் என்றாலே ஐரோப்பாதான் பலருக்கும் நினைவில் வரும். யப்பானியக் கத்தோலிக்கரான சுசாக்கு என்டோ 1966 இல் வெளியிட்ட ‘மௌனம்’ நடப்பதோ 17 ஆம் நூற்றாண்டு யப்பானில், நாகசாகிப் பக்கத்துக் கிராமங்களில். அப்போது அங்கே கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்தது. சந்தேகத்துக்குள்ளானவர்கள் இயேசுவின் உருவம் பதித்த பலகையை மிதித்துக் காட்ட வேண்டும். மறுத்தால் சித்திரவதை.

இரகசியமாக வந்த போர்த்துக்கேயக் குருவானவர் ரொட்ரிகஸ் பிடிபடுகிறார். அவரை வதைக்கவில்லை. அவர் மிதிக்கும்வரை ஏழைச் சனங்களைக் குழியில் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். அவர்களோ ஏற்கெனவே விசுவாசத்தை மறுதலித்தவர்கள்! அவர் மிதிக்கிறார். ‘துரோகி’ என்ற சொல்லை நாங்கள் எவ்வளவு சுலபமாகப் பாவித்திருக்கிறோம். என்டோ அதை அவர்மீது எறியவில்லை. அதனால்தான் இந்நாவல் எனக்கு முக்கியமானது. வெளியானபோது யப்பானியக் கத்தோலிக்கர் பலர் கோபப்பட்டார்கள். மார்ட்டின் ஸ்கோர்செசி 2016 இல் இதைப் படமாக்கினார்.