மதிலிலிருந்து கைப்பட்டை வரை: சென்னை அரசு மருத்துவமனைகளில் பாதுகாப்பு ஏற்பாட்டின் வரலாறு

சென்னை அரசுப் பொது மருத்துவமனை 1664ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று, எட்வர்ட் விண்டர் காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கப்பெற்றது. நோயுற்ற கம்பெனிச் சிப்பாய்களுக்கென அமைந்த அந்நிலையத்திற்குக் கோட்டை மதிலே காப்பாக இருந்தது. பிரெஞ்சுக்காரருடனான போர்களையடுத்துக் கோட்டையை விட்டு வெளியேறிய மருத்துவமனை, 1772இல் இன்றுள்ள இடத்தில் நிலைபெற்றது. 1842இல் இந்திய நோயாளிகளுக்கும் அதன் கதவு திறந்தது. பாதுகாப்பு நோக்கில் பார்த்தால் இடப்பெயர்வைவிட இதுவே பெரிய திருப்பம் எனலாம். படைமுகாமிலிருந்து வந்த சிப்பாய் தனி ஆள். ஊரிலிருந்து வரும் நோயாளியோ உறவினரோடு வருபவர்.

அந்த உறவினர் வெறும் பார்வையாளர் அல்லர். ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவதும், பரிசோதனை முடிவை வாங்கி வருவதும், இரவில் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்ததும் செவிலியரை அழைப்பதும் இன்றும் பெரும்பாலும் அவர் கையில்தான் உள்ளன. அரசு மருத்துவமனையின் ஆள்பற்றாக்குறையை ஊதியமின்றி ஈடுசெய்பவர் அவர். ஆகவே வாயிற்காவலர் அவரைத் தடுத்தால் வார்டின் வேலை நிற்கும். தடுக்காவிட்டால் வாயில் இருந்தும் பயனில்லை.

இம்முரணைச் சட்டம் தொடவில்லை. தமிழ்நாட்டின் 2008ஆம் ஆண்டு 48ஆம் எண் சட்டம், மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைப் பிணையில் விட இயலாக் குற்றமாக்கி, 3 முதல் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. 2020 ஏப்ரல் 22 அன்று பிறந்த கொள்ளைநோய்த் திருத்த அவசரச் சட்டமும் தண்டனை வழியையே பின்பற்றியது. இரண்டும் நிகழ்வுக்குப் பிந்திய காப்புகள். ஒரு கூடத்தில் எத்தனை பேர் இருக்கலாம், மருத்துவர் அறைக்கு எத்தனை கதவுகள் வேண்டும் என்பன அவற்றின் பொருளல்ல.

அண்மைக்காலத்தின் மூன்று நிகழ்வுகளை ஒருசேர நோக்கினால் குறை எங்குள்ளது என்பது புலப்படும். 2023 மே மாதம் கேரளத்தின் கொட்டாரக்கரையில் பயிற்சி மருத்துவரைக் குத்திக் கொன்றவர், சிகிச்சைக்கெனக் காவல்துறையினரே அழைத்து வந்தவர். 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் நடந்த வன்கொலையில் தண்டிக்கப்பட்டவர், காவல்துறையோடு இணைந்து பணியாற்றிய தன்னார்வலர். அதே ஆண்டு நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தியவர், அங்குச் சிகிச்சை பெற்றிருந்த ஒரு பெண்ணின் மகன். மூவருள் எவரும் மதிலேறிக் குதித்தவரல்லர். உள்ளே வருவதற்கு ஏதோவொரு காரணம் உடையோராகவே வாயிலைக் கடந்தனர். பகைவன் வெளியே நிற்பான் என்னும் கோட்டைக் காலக் கருத்து இங்குப் பொருந்தவில்லை.

ஆர்.ஜி. கர் நிகழ்வையடுத்து உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழுவொன்றை அமைத்தது. கிண்டி நிகழ்வுக்குப் பின் உடனிருப்போருக்கு நிறவாரியான கைப்பட்டை அணிவிக்கும் முறை சென்னையில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் கண்டுகொள்ளாத உடனிருப்பவரை நிருவாகம் கண்டுகொண்டதன் அடையாளம் அப்பட்டை. யார் எப்பகுதிக்கு உரியவர் என்பதை அது காட்டும், மடியில் என்ன உள்ளது என்பதைக் காட்டாது. பணியாளர் எண்ணிக்கையைக் கூட்டாமல் உடனிருப்போர் எண்ணிக்கையை மட்டும் குறைத்தால், ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது யார் என்பதற்கும் அந்த ஏற்பாட்டில் விடையில்லை.