கேசட்டிலிருந்து குறுந்தகட்டுக்கு: ஒரு வீட்டுக் குரலின் வரலாறு

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, சோழர் காலத்துச் செப்பேடுகளைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அதற்குத் தகுதியானவர்கள் தில்லித் தமிழர்களில் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்ததும் ஒரு வகையில் ஏட்டு வரலாறுதான். ஆனால் செம்பில் வெட்டியது அல்ல, பிளாஸ்டிக் தட்டில் எரித்தது. ஆயிரம் வருஷத்துச் செப்பேட்டை இன்றைக்கும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறோம். நான் 2004-இல் எரித்த குறுந்தகட்டை 2015-இல் எந்தக் கருவியாலும் படிக்க முடியவில்லை. அதற்குக் காரணம் தேடப்போய்த் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கதையும் கூடவே வரும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாட்டி பேசிய கேசட்

என் அப்பா மத்திய அரசு வேலை கிடைத்து 1971-இல் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி தில்லிக்கு வந்தவர். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் என்றால் யாரையாவது உட்காரவைத்துச் சொல்லி எழுதச் சொல்ல வேண்டும். மருமகளைப் பற்றிச் சொல்ல நினைப்பதையெல்லாம் அடுத்த வீட்டுப் பையனிடம் சொல்ல முடியுமா? அதனால் எண்பதுகளில் வீட்டுக்கு ஒரு நேஷனல் பானசோனிக் டேப் ரெக்கார்டர் வந்ததும், பாட்டி கடிதத்தை விட்டுவிட்டு கேசட்டில் பேச ஆரம்பித்துவிட்டார். ஊரிலிருந்து தில்லிக்குக் கிளம்புகிறவர் யாராக இருந்தாலும், முறுக்கு டப்பாவோடு ஒரு கேசட்டும் வரும்.

"தம்பி, நல்லா இருக்கியா? அங்க குளிரு ஜாஸ்தியாமே, தலைக்கு மப்ளர் கட்டிக்க" என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்கும். அவற்றில் ஒன்று 1984-இல் என் அத்தையின் கல்யாணத்தில் பதிவானது. ஒரு பக்கம் பேச்சு. மறுபக்கம் நலுங்குப் பாட்டும் கும்மியும். பாட்டி முன்னால் பாட, மற்றப் பெண்கள் கை தட்டித் திரும்பப் பாடுவார்கள். பாட்டி 1991-இல் காலமானார். அந்தப் பாட்டுகளை எழுதி வைத்தவர் எவரும் இல்லை.

அரக்குத் தட்டு முதல் ஒலிநாடா வரை

இந்தியாவில் வணிக முறையில் ஒலிப்பதிவு தொடங்கியது 1902-இல். கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டுகளைப் பதிவு செய்தார். பதிவுகள் கப்பலில் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய், தட்டாக அச்சாகித் திரும்பி வந்தன. அந்தத் தட்டுகளுக்கு முக்கியப் பொருளான அரக்கு நம் நாட்டிலிருந்தே போனது என்பது ஒரு வேடிக்கை. 1908-இல் கல்கத்தா சியால்டாவில் ஆலை வந்த பிறகுதான் தட்டுகள் இங்கேயே தயாராயின.

78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம். அதற்குள் பாடகர் ஆலாபனையைச் சுருக்கிக் கீர்த்தனையை முடிக்க வேண்டும். கே.பி. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தது இந்த மூன்று நிமிஷக் கதவு வழியாகத்தான். ஆனால் தட்டில் கம்பெனிதான் பதிவு செய்ய முடியும். கேட்பவர் பதிவு செய்ய முடியாது.

அந்த வேலியை உடைத்தது பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லினில் அறிமுகப்படுத்திய கேசட். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் யாரும் பதிவு செய்யலாம். நம் நாட்டில் எண்பதுகளில், குறிப்பாக தில்லி தரியாகஞ்சைச் சேர்ந்த குல்ஷன் குமாரின் டி-சீரிஸ் மலிவு விலையில் கேசட்டுகளைக் கொட்டிய பிறகு, அது ஏழை வீட்டுக்கும் வந்தது. என் பாட்டி மாதிரி எழுதத் தெரியாத லட்சக்கணக்கானவர்களின் குரல் முதன்முதலாகப் பதிவானது அப்போதுதான்.

44,100 என்ற எண்

பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980-இல் குறுந்தகட்டுக்கு விதி வகுத்தன. அந்த ஆவணத்தின் அட்டை நிறத்தால் அதற்குச் சிவப்புப் புத்தகம் என்று பெயர். 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுத வேண்டும் என்பது விதி.

அது என்ன 44,100? அன்றைக்கு எண்முறை ஒலியைப் பதிவு செய்து வைக்க வசதியான கருவி வீடியோ நாடாதான். படத்தின் ஒவ்வொரு வரியிலும் மூன்று அளவுகளை ஒளித்து வைத்தார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் 245 வரி, விநாடிக்கு 60 புலம்: 3 × 245 × 60 = 44,100. ஐரோப்பிய முறையில் 294 வரி, 50 புலம்: 3 × 294 × 50, அதுவும் 44,100. இரண்டுக்கும் பொருந்திய எண் நிலைத்துவிட்டது.

இரண்டு பக்கத்து ஒலிக்கும் சேர்த்து விநாடிக்கு 14,11,200 பிட். ஒரு நிமிஷத்துக்குப் பத்து மெகாபைட்டுக்குச் சற்று மேல். 74 நிமிஷத்தில் தட்டு நிறைந்துவிடும்.

எரிப்பது என்றால் என்ன?

கடையில் வாங்கும் பாட்டுத் தட்டில் எதுவும் எரிவதில்லை. அச்சு வார்த்து, நுண்ணிய பள்ளங்களை அமுக்கி எடுக்கிறார்கள். வீட்டில் நாம் எழுதிய தட்டு வேறு ஜாதி. அதற்கான விதி 1990-இல் வந்தது. அது ஆரஞ்சுப் புத்தகம். ஜப்பானின் தாயோ யூடென் நிறுவனம் அதற்கு முன்பே கண்டறிந்த முறை இது: பிளாஸ்டிக்குக்கும் உலோகப் பூச்சுக்கும் நடுவில் ஒரு சாயப் படலம். எழுதும் லேசர் அந்தச் சாயத்தைச் சூடாக்கி நிறம் மாற்றுகிறது. படிக்கும் லேசருக்கு அந்த இடம் பள்ளம் போலத் தெரிகிறது. தட்டின் அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ மின்னியது அந்தச் சாயத்தால்தான். ஆகவே எரித்தல் என்ற சொல் உவமை மட்டும் அல்ல, ஓரளவுக்கு உண்மை.

தொடக்கத்தில் இந்த எழுதிகள் பெரிய ஸ்டூடியோக்களுக்கே கட்டுப்படியாகும் விலையில் இருந்தன. 1995-இல்தான் ஆயிரம் டாலருக்குக் கீழே ஒன்று வந்தது. நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் 'அசெம்பிள்' செய்து வாங்கிய நம்மில் பலருக்கு நீரோ என்ற ஜெர்மன் மென்பொருள் நினைவிருக்கும். ரோம் நகரம் எரிந்தபோது பிடில் வாசித்ததாகக் கதையில் சொல்லப்படும் மன்னனின் பெயரை, தட்டு எரிக்கும் மென்பொருளுக்கு வைத்த குறும்பு!

எரிக்க ஆரம்பித்தால் லேசர் நடுவில் நிற்கக் கூடாது. கம்ப்யூட்டர் தகவலைத் தருவதில் ஒரு நொடி தாமதித்தாலும் தட்டு வீண். "யாரும் மவுஸைத் தொடாதீங்க, சிடி ஓடுது" என்று வீட்டில் ஊரடங்கு உத்தரவு போடுவேன். கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். வீணான தட்டெல்லாம் டம்ளருக்கு அடியில் வைக்கப் பயன்பட்டன. 2000-இல் சான்யோ நிறுவனம் கொண்டுவந்த உத்தியால், நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்து எழுத முடிந்தது. அதன்பிறகே நிம்மதி.

வெற்றுத் தட்டுகளின் ஊரும் நமக்குப் பக்கத்தில்தான் இருந்தது. 1983-இல் தொடங்கிய மோசர் பேர் இந்தியா, நொய்டாவிலிருந்து உலகெங்கும் தட்டுகளை அனுப்பிய பெரிய உற்பத்தியாளர்களில் ஒன்று. தட்டின் காலம் முடிந்தது. 2018-இல் அந்த நிறுவனத்தைக் கலைக்க உத்தரவாயிற்று.

எம்பி3 செய்த மாயம்

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் உழைத்து உருவாக்கியது எம்பி3. 1995-இல் கோப்புக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அதன் சூத்திரம் நம் எல்லோருக்கும் அனுபவத்தில் தெரிந்ததே. கல்யாண மண்டபத்தில் மேளம் கொட்டும்போது, பக்கத்து நாற்காலிக்காரர் முணுமுணுப்பது காதில் விழாது. விழாததை எதற்குச் சேமிக்க வேண்டும்? அதை நீக்கிவிடு. இப்படி நீக்கி நீக்கி, 128 கிலோபிட் வேகத்தில் பாட்டின் அளவு பதினொன்றில் ஒரு பங்காகிவிடும். ஒரு தட்டில் பதினைந்து பாட்டு இருந்த இடத்தில் நூற்றைம்பது பாட்டு. பாலிகா பஜாரில் 'இளையராஜா 150' என்று கூவி விற்ற தட்டுகள் பல வீடுகளில் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை திருட்டுப் பதிப்புகள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். 2004-இல் டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் போட்டு, வீட்டிலிருந்த இருபது கேசட்டுகளையும் பல ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடவிட்டுப் பதிவு செய்தேன். எல்லாம் ஒரே தட்டில் அடங்க வேண்டும் என்று ஆசை. ஆகவே 128 கூட வேண்டாம் என்று 64 கிலோபிட்டாக வைத்தேன். இருபது மணி நேரம் 576 மெகாபைட்டில் அடங்கிவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நாக்பூரில் இருந்த அத்தையின் பிளேயரில் எம்பி3 பாடாது. அதனால் கல்யாணக் கேசட்டை மட்டும் மறுபடி சாதாரண ஆடியோ தட்டாக மாற்றி எரித்து அனுப்பினேன். 29 மெகாபைட்டுக் கோப்பு, 600 மெகாபைட்டுக்கு மேல் ஊதிப் பெருத்தது. ஆனால் போனது திரும்பி வந்ததா? காப்பியில் தண்ணீரை ஊற்றி டம்ளரை நிரப்பியதுதான். அது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. 2006-இல் ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து மயூர் விஹாருக்குப் போனபோது, இருபது கேசட்டையும் பழைய பேப்பரோடு கபாடிவாலாவுக்குப் போட்டுவிட்டேன். "இருக்கட்டுமேடா, ஒரு அட்டைப் பெட்டிதானே" என்றார் அப்பா. நான்தான் கேட்கவில்லை.

அத்தை சொன்னது

அப்பா 2014-இல் காலமானார். அடுத்த ஆண்டு திதிக்கு வந்த அத்தை, "அம்மா பேசினதை ஒரு தடவை போடேன்" என்றார். எடுத்துப் போட்டேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தட்டு இல்லை என்றது கருவி. ஜன்னலோர அலமாரியில் ஒன்பது வருஷம் தில்லி வெயில் பட்டு, சாயம் வெளிறியிருந்தது. பத்தொன்பது கேசட்டில் இருந்த பாட்டியின் பேச்சு அன்றோடு போயிற்று. கம்ப்யூட்டரில் இருந்த பிரதி, பழைய ஹார்டு டிஸ்க்கோடு முன்னமே போயிருந்தது.

நாக்பூரில் பட்டுப்புடவைக்கு நடுவில், இருட்டில் இருந்த ஆடியோ தட்டு மட்டும் பிழைத்தது. அத்தை ஊருக்குப் போய் அதை கூரியரில் அனுப்பினார். அதைக் கோப்பாக எடுத்து, அடுத்த முறை வந்தபோது நல்ல ஸ்பீக்கரில் போட்டோம். பாட்டியின் குரல் வந்தது. கும்மி வந்ததும் அத்தை முகம் மாறியது.

"ஏம்ப்பா, எங்கம்மா கை தட்டினா இப்படியா கேக்கும்? தெருவே எழுந்திரிக்கும். இது தண்ணிக்குள்ள தட்டுற மாதிரியில்ல இருக்கு?"

அத்தை பள்ளி இறுதி வரை படித்தவர். எம்பி3 என்றால் அவருக்குத் தெரியாது. ஆனால் குறையைத் துல்லியமாகச் சொல்லிவிட்டார். கைதட்டல், ஜால்ரா, வளையல் போலத் திடீரென்று எழும் ஓசைகளைத்தான் குறைந்த அளவு எம்பி3 முதலில் கெடுக்கும். தட்டுவதற்கு முன்னாலேயே ஒரு மங்கலான எதிரொலி கேட்கும். அதை முன்னெதிரொலி என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். காதுக்குத் தேவையில்லை என்று கணக்குப் போட்டு நீக்கியது, மகளின் காதுக்குத் தேவையாக இருந்திருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசா, பழைய ஒலிநாடாவைக் குறைந்தது 48,000 தடவை அளந்து, 24 பிட்டில், சுருக்காத கோப்பாக வைக்கச் சொல்கிறது. நம் பக்கத்திலேயே குருகிராமில், 1982-இல் தொடங்கிய இன இசையியல் ஆவண மையம் இந்திய இசைப் பதிவுகளைப் பாதுகாத்து வருகிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஆனால் நம் பாட்டிமார் பேசிய கேசட்டைத் தேடி எந்த நிறுவனமும் வீட்டுக்கு வரப்போவதில்லை.

ஆகவே பரணில் கேசட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எடுங்கள். முதலில் யார் குரல், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதி ஒட்டுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓட்டும் முன் டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடையுங்கள். சுருக்காத கோப்பாகப் பதிவு செய்து, இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள். எம்பி3 கேட்பதற்கு இருக்கட்டும். நீங்கள் எரித்த தட்டுகள் இருந்தால், இந்த வாரமே கோப்பாக எடுத்துவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

சங்கத்தில் ஒரு நல்ல டேப் ரெக்கார்டரும் கம்ப்யூட்டரும் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேலையைச் செய்யலாம் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். உட்கார்ந்து செய்ய நான் தயார். அத்தைக்கு இப்போது எழுபது வயது. அந்தக் கும்மியை அவரே கை தட்டிப் பாட, சென்ற பொங்கலுக்குப் புதிதாகப் பதிவு செய்துகொண்டேன். நடுவில் இரண்டு அடி மறந்துவிட்டது. "அது அம்மாவுக்குத்தான் தெரியும்" என்றார். பிழைத்த தட்டில் தேடிப் பார்த்தேன். மங்கலாக இருந்தாலும், அந்த இரண்டு அடியும் அதில் இருக்கின்றன.