ஆட்டம் முடியும் இடத்தில் தொடர்ந்த சோழர் குலம்

2020இல் வெளிவந்த 'குருசேடர் கிங்ஸ் 3' கணினி விளையாட்டில் 1066ஆம் ஆண்டைத் தேர்ந்தால், வீரராசேந்திரனின் காலத்துச் சோழ அரசை நடத்தலாம். அரசர் இறந்தால் வாரிசின் வழி ஆட்டம் தொடரும். சொந்தக் குலத்தில் வாரிசு இல்லையெனில் முடிந்துவிடும். வழக்கமான மணவுறவில் பிள்ளைகள் தந்தையின் குலத்தையே சேர்வர்.

இவ்விதிக்கு 1070 பொருந்துவதில்லை. அதிராசேந்திரனுக்குப் பின் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன், வேங்கிச் சாளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரனின் மகன். தாய் அம்மங்கைதேவி, முதலாம் இராசேந்திர சோழனின் மகள். தந்தைவழிக் கணக்கில் சோழர் குலம் அங்கேயே முடிகிறது. ஆனால் இராசகேசரி, பரகேசரி என மாறிமாறி வரும் சோழப் பட்ட வரிசையில் அவன் இராசகேசரியானான். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியும் 'இராச பாரம்பரியம்' பகுதியில் சோழ முன்னோரை அடுக்கி, அவ்வரிசையிலேயே அவனை நிறுத்துகிறது. பட்டமும் இலக்கியமும் அவனது குலத்தை வரையறுத்தன; சோழ அரசு 1279 வரை நீடித்தது.

அந்தமானில் புரோத்ராபூரை அடுத்துள்ள போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனபோது சோழர் கடற்படை நினைவுகூரப்பட்டது. கடற்படை நினைவில் நிற்கும் அளவுக்கு அம்மங்கைதேவியின் மணவுறவு நிற்பதில்லை. 1070க்குப் பின் சோழர் பெயர் இரு நூற்றாண்டுகள் நிலைத்ததற்கு அம்மணவுறவே வழியானது.