மண்ணுக்கும் ஒரு பேரேடு

நான் வணிகவியல் படித்து, கணக்கெழுதிப் பிழைப்பவன். ஆனாலும் மண்ணும் கணக்கு வைத்திருக்கிறது என்று அறிந்தபின் சும்மா இருக்க முடியவில்லை. சென்ற மாத உரையில் நேரம் போதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

1845ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் எச்.எஸ். தாம்சன் என்பவர் அமோனியம் சல்பேட் கரைசலை மண்ணின் வழியே வடியவிட்டார். அமோனியம் மண்ணில் தங்கிவிட்டது. கீழே வந்தது கல்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். ஜே. தாமஸ் வே இதை விரிவாக ஆராய்ந்து 1850இல் வெளியிட்டார். களிமண் துகள்களின் மேலுள்ள எதிர் மின்னேற்றமே நேர் மின்னேற்றம் கொண்ட சத்துகளைப் பிடித்து வைக்கிறது என்பது பின்னாளில் விளங்கியது.

குளிர்நாட்டு மண்ணுக்கு எழுதிய இந்தக் கணக்கு வெப்பநாட்டில் அப்படியே பொருந்தவில்லை. அங்கே காலங்காலமாகப் பெய்த மழை சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, இரும்பு, அலுமினிய ஒக்சைடுகளே மிஞ்சின. இவற்றின் மின்னேற்றம் நிலையானதல்ல. அமிலத்தன்மை கூடினால் நேராகவும் குறைந்தால் எதிராகவும் மாறும். 1972இல் வான் ரைஜ், பீச் இருவரும் பிரேசில் மண்களை ஆராய்ந்து வெளியிட்டனர். மேல்மண்ணில் மக்கிய இலைதழை இருப்பதால் எதிர் மின்னேற்றம். ஆழத்தில் அது குறைய, மிக முதிர்ந்த சில மண்களில் நேர் மின்னேற்றமே மிஞ்சுகிறது! ஒரே நிலம், இரண்டு கணக்கு.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். பிரேசிலின் செராடோ புல்வெளி ஏறத்தாழ 20 இலட்சம் சதுர கிலோமீற்றர். பயிருக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டிருந்த நிலம். சுண்ணாம்பு இட்டு அமிலத்தைக் குறைத்தார்கள்; சத்தைப் பிடிக்கும் ஆற்றல் கூடியது. பொஸ்பேட் உரமும் சேர்ந்தது. சுண்ணாம்பு இறங்காத ஆழத்துக்கு ஜிப்சம் கல்சியத்தைக் கொண்டுபோனது. வேர் ஆழமாக ஓடி வறட்சியைத் தாங்கியது. இந்த நிலத்தை விளைய வைத்ததற்காக லொபாட்டோ, பாவ்லினெல்லி, மக்லங் மூவரும் 2006இல் உலக உணவுப் பரிசு பெற்றனர்.

வரவை மட்டும் சொன்னால் கணக்கன் பொய்யனாவான். செராடோவின் இயற்கைத் தாவரங்களில் ஏறக்குறைய பாதி அழிந்துவிட்டது. மேலும், அந்த மண்ணின் கையிருப்பில் பெரும்பங்கு மக்கிய பொருள் நிறைந்த மேல்மண்தான். அதை மழையில் அரிக்கவிட்டால் அது முதலையே விற்றுச் சாப்பிடுவது போல. எந்தக் கடையும் அப்படி நெடுநாள் நடந்ததில்லை, நேயர்களே!