தண்டவாளத்துக்கு எந்திரம், சாக்கடைக்கு மனுசன்

மதுரைக்கு ரயில் வந்தது 1875இல். இன்று திருமங்கலம் பக்கம் ரயில் பாதையும் நாலுவழிச் சாலையும் கூடவே தெற்கே போகின்றன. இவற்றுக்குக் குறுக்கே ஒரு குழாய் போக வேண்டுமென்றால் மேலே தோண்டக் கூடாது. தண்டவாளம் கொஞ்சம் இறங்கினாலும் ஆபத்து; சாலையை மறித்தால் வியாபாரம் படுத்துவிடும். அதனால் ஒரு பக்கம் குழி வெட்டி எந்திரத்தை இறக்குகிறார்கள். திருகு மண்ணைக் குடைந்து பின்னுக்குத் தள்ளும், ஜாக்கி இரும்பு உறையை முன்னுக்குத் தள்ளும். எதிர்ப்பக்கக் குழியில் உறை வந்து சேர்ந்ததும் அதற்குள் குழாயைச் செருகுகிறார்கள். மேலே ரயில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ரயில் நிற்கக் கூடாது என்றதும் எந்திரம் வந்துவிட்டது. அதே குழாய் ஊருக்குள் பாதாளச் சாக்கடையாகி அடைத்துக்கொண்டால் மட்டும் ஏன் ஆளைத் தேடுறான்? தேடுகிற ஆளும் பெரும்பாலும் அருந்ததியர் தெருவிலிருந்துதானே வருகிறார்? இதைத் தொழில்நுட்பப் பற்றாக்குறை என்று சொல்கிறவர்களை நான் நம்பவில்லை. மலக்குழியில் இறங்கும் ரோபோ 2018இலேயே திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்துவிட்டது.

சட்டங்களின் வரலாற்றைப் பார்ப்போம். 1993இல் ஒரு சட்டம். அது உலர் கழிப்பறையைப் பற்றித்தான் பேசியது. 2013இல் இன்னொன்று. அது சாக்கடையையும் தண்டவாளத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஓட்டையும் வைத்தது: பாதுகாப்புக் கவசம் கொடுத்து இறக்கினால் அது 'அபாயகரமான' துப்புரவு ஆகாதாம். அதாவது இறக்குவது குற்றமல்ல, கையுறை இல்லாமல் இறக்குவதே குற்றம். மலக்குழிச் சாவுக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் என்றது; 2023இல் 30 லட்சம் என்றது. சாவின் விலை ஏறியது, சாவு நிற்கவில்லை.

மதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் இங்கே இருவர் செத்தார்கள். அதைத் தொடர்ந்தே திவ்யபாரதி 'கக்கூஸ்' ஆவணப்படத்தை எடுத்து 2017இல் வெளியிட்டார். 2022 ஏப்ரலில் நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் போனார்கள். ஒருவர் விழ, தூக்கப் போனவர்களும் செத்தார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடின் வேலை அப்படித்தான்: கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாறும், கூடினால் மூக்கே மரத்துப்போகும். அடுத்தவனுக்கு எச்சரிக்கை கிடைக்காது.

பத்திரிகைகள் 'விஷவாயு தாக்கிப் பலி' என்று எழுதுகின்றன. வாயு எங்கேயும் கிளம்பி வந்து யாரையும் தாக்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. மனுசனைத்தான் அதற்குள் அனுப்பினார்கள். அனுப்பியவன் பெயர் அந்த வாக்கியத்தில் இல்லை. ஒப்பந்தக்காரன் மாநகராட்சியைக் காட்டுவான், மாநகராட்சி ஒப்பந்தக்காரனைக் காட்டும்.

நாம் கேட்க வேண்டியது கையுறை அல்ல. ரயிலுக்குக் கொடுத்த அதே சலுகையைத்தான் கேட்கிறோம்: எந்திரம் போகட்டும், ஆள் மேலே நிற்கட்டும். எந்திரத்தை இயக்குகிற வேலை, நிரந்தரச் சம்பளத்தோடு, இத்தனை காலம் இறங்கினவர்களுக்கே கிடைக்கட்டும்.