கண்ணாடிக் கூரையின் கீழ் நான்கு பருவங்கள்: கியூ பூங்காவின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

தமிழர் ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுத்தனர். ஆங்கிலேயர்க்குப் பருவங்கள் நான்கே. அவற்றுள்ளும் ஒன்று, மரங்கள் இலையிழந்து நிற்கும் நீண்ட குளிர்காலம். அக்குளிர்காலத்தினுள்ளே வெப்பமண்டலத்தின் ஒரு துண்டினை நிலைநிறுத்த அவர்கள் எடுத்த முயற்சியின் மிகச் சிறந்த சின்னம், இலண்டன் மாநகரின் தென்மேற்கே தேம்ஸ் நதிக்கரையில் அமைந்துள்ள கியூ தாவரவியற் பூங்காவாகும். 1759 ஆம் ஆண்டளவில் இளவரசி ஒகஸ்ராவின் தோட்டமாகத் தொடங்கிய இது, 1840 இல் அரச குடும்பத்தின் கையிலிருந்து நாட்டின் உடைமையாக மாறியது. 1841 இல் வில்லியம் ஹூக்கர் அதன் முதற் பணிப்பாளரானார். அவ்வாண்டிற் பூங்காவைக் காணவந்தோர் ஏறத்தாழ ஒன்பதினாயிரம் பேர். பெருங் கண்காட்சி நடைபெற்ற 1851 ஆம் ஆண்டிலோ மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்தனர். பத்தாண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்துக்கு இடையில் எழுந்ததே பனையின இல்லம்.

குளிர்காலத்தில் அதனுள் நுழைபவருக்கு முதலில் நேர்வது பார்வை மறைதலாகும். வெளியே உறைபனி, உள்ளே ஈரஞ் செறிந்த வெம்மை. மூக்குக்கண்ணாடி உடனே மங்கிவிடும். அது தெளிந்ததும் தென்னையும் வாழையும் கொக்கோவும் தோன்றும். யாழ்ப்பாணத்து வளவொன்றில் எவரும் திரும்பிப் பாராத மரங்கள், இங்கே இரும்பு விலாக்களின் கீழ் அரிய பொருள்களாக நிற்கின்றன.

இக்கட்டடம் 1844 இல் தொடங்கி 1848 இல் முடிவுற்றது. நீளம் 362 அடி. நடுப்பகுதியின் உயரம் 66 அடி. வடிவமைப்பில் டெசிமஸ் பேர்ட்டன் என்ற கட்டடக் கலைஞரின் பெயரே முதலிற் கூறப்படுவது வழக்கம். ஆயின், தூண்கள் மிகக் குறைந்த அகன்ற வெளியைச் சாத்தியமாக்கியவர் டப்ளின் நகரத்து இரும்புத் தொழிலதிபரான றிச்சாட் ரேணர் ஆவார். கப்பல் கட்டுவதற்கென உருவாக்கப்பட்ட இரும்பு விட்டங்களை வளைத்துக் கூரையின் விலாக்களாக்கியது அவர் கைத்திறன். கண்ணாடி மீதான வரி 1845 இல் நீக்கப்பட்டமை இத்தகைய கட்டடங்களுக்கு வழி திறந்தது. ரேணரின் பட்டறை இயங்கிய அதே ஆண்டுகளில் அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் அழிந்துகொண்டிருந்தது. வேற்று நாட்டுப் பயிர்களைக் காத்தற்கான மாளிகையின் இரும்பு, ஒரே பயிரை நம்பிப் பட்டினியால் மடிந்த ஒரு நாட்டிலிருந்து வந்தது என்பதைக் கட்டடக்கலை நூல்கள் பெரும்பாலும் சுட்டுவதில்லை.

உள்ளேயிருந்த வெம்மை இலகுவாகக் கிடைத்ததன்று. கொதிகலன்கள் தரைக்குக் கீழே வைக்கப்பட்டன. மாளிகையின் அழகைப் புகைபோக்கி கெடுத்துவிடக் கூடாதென்று, புகையானது நிலத்தடிச் சுரங்கம் வழியாக ஏறத்தாழ 500 அடி தொலைவிலிருந்த ஒரு கோபுரத்துக்குச் செலுத்தப்பட்டது. இத்தாலியத் தேவாலய மணிக்கோபுரம் போன்று தோன்றும் அது உண்மையில் ஒரு புகைபோக்கி. நிலக்கரியும் அதே சுரங்கத்தினூடாகவே கொண்டுவரப்பட்டது. திட்டம் அழகியது, நடைமுறையோ அவ்வாறிருக்கவில்லை. நதிக்கரை நிலமாதலால் நிலத்தடி நீர் கொதிகலன் அறையினுட் புகுந்து இடர் விளைத்தது. புகையும் எதிர்பார்த்தவாறு இழுபடவில்லை. மேலே கனவான்கள் பனையோலைகளை வியந்து நின்ற வேளையிற் கீழே கரி அள்ளியோர் நீரில் நின்றனர். அவர்தம் பெயர்கள் எவராலும் நினைவுகூரப்படவில்லை.

தொடக்கத்திற் கூரைக்கு இடப்பட்டது இளம் பச்சை நிறக் கண்ணாடி. கோடை வெயில் இலைகளைக் கருக்கிவிடும் என அஞ்சிச் செம்பின் ஒட்சைட்டுக் கலந்து அதனைச் செய்தனர். நூற்றாண்டின் இறுதியில் இலண்டனின் ஆலைப்புகை போதிய வெயிலையே மறைத்துவிட்டமையால், பச்சைக் கண்ணாடி படிப்படியாகக் கைவிடப்பட்டது. வெயிலுக்கு அஞ்சியவர்கள் அரை நூற்றாண்டிற்குள் வெயிலைத் தேடினர்!

இளவேனிலில் மக்கள் கண்ணாடிக்கு வெளியே வருவர். ஜோசப் ஹூக்கர் 1848 முதல் 1850 வரை சிக்கிம் மலைகளில் அலைந்து அனுப்பிய றொடொடென்ரன் செடிகளின் வழி வந்தவை அப்பொழுது பூக்கும். ஆயின் தந்தையை அடுத்து 1865 இற் பணிப்பாளரான இந்த ஹூக்கர்தான் பொதுமக்களோடு நீண்ட வழக்காடியவரும் ஆவார். நண்பகல் கழிந்து ஒரு மணிக்குப் பின்னரே பூங்காவின் கதவுகள் பொதுமக்களுக்குத் திறந்தன. காலை வேளை ஆராய்ச்சியாளர்க்கும் தாவர ஓவியர்க்கும் உரியது என்பது அவர் வாதம். நாட்டின் பணத்தில் இயங்கும் பூங்கா நாள் முழுவதும் திறந்திருத்தல் வேண்டும் என்பது அயலவர் வாதம். 1870களில் இவ்வழக்கு பாராளுமன்றம் வரை சென்றது. ஹூக்கரின் வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. கூட்டம் நிறைந்த கண்ணாடி இல்லத்தினுள் ஆராய்ச்சி செய்தல் இயலாது. எனினும், வெறும் பொழுதுபோக்குக்காக வருவோரை அவர் இழிவாக மதித்தார் என்பதும் மறைக்கத்தக்கதன்று. 1871 ஆம் ஆண்டின் சட்டத்தால் வங்கி விடுமுறை நாள்கள் வந்த பின்னர், அந்நாள்களில் தொழிலாளர் குடும்பங்கள் திரளாக வந்தன. நகரின் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தோருக்குச் செலவின்றிப் பசுமையைக் காணக் கிடைத்த இடம் வேறெது?

முதுவேனிலில் நிகழ்ந்தவற்றுள் இரண்டு இங்கு விரித்துரைக்கத்தக்கன. ஒன்று 1879 ஓகஸ்ட் மாத ஆலங்கட்டி மழை. ஒரே புயலில் 38,000 இற்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள் நொறுங்கின. மற்றையது அதற்கு மூன்றாண்டுகள் முந்தியது. இலங்கையின் வரலாற்றோடு நேரடித் தொடர்புடையதும் அதுவே.

1876 யூன் மாதத்தில் ஹென்றி விக்கம் என்பார் அமேசன் பிரதேசத்திலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளைக் கியூவிற் கொணர்ந்து சேர்த்தார். ஆயிரம் விதைக்குப் பத்துப் பவுண் என்பது அவருக்குப் பேசப்பட்ட விலை. பணம் இந்திய அலுவலகத்தினுடையது. இது திருட்டு எனப் பரவலாகக் கூறப்படினும், அக்காலத்திற் பிரேசிலில் இறப்பர் விதை ஏற்றுமதியைத் தடைசெய்யும் சட்டம் இருக்கவில்லை. ஆதலின் சட்டப்படி அது திருட்டன்று. ஒரு காட்டின் செல்வத்தைப் பிறிதொரு பேரரசின் செல்வமாக்கிய செயலைச் சட்டத்தால் மட்டும் அளக்கலாமா என்பது வேறு கேள்வி. விதைகளிற் பெரும்பாலானவை வழியிலேயே உயிரிழந்திருந்தன. ஏறத்தாழ 2,700 மாத்திரமே கண்ணாடியின் கீழ் முளைத்தன. அவற்றுள் 1,900 இற்கு மேற்பட்ட கன்றுகள் ஓகஸ்ட் மாதத்தில் 38 கண்ணாடிப் பேழைகளில் இலங்கைக்குக் கப்பலேற்றப்பட்டன.

இப்பேழையும் ஒரு சிறு கண்ணாடி இல்லமே. இலண்டனின் கிழக்குப் பகுதியில் மருத்துவராயிருந்த நதானியேல் வாட் என்பவர் 1829 இல் ஒரு பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய போத்தலினுள் வைத்தார். ஆலைப்புகையால் அவரது தோட்டத்தில் வளர மறுத்த பன்னம் அப்போத்தலினுள் முளைத்து வளர்ந்தது. ஆவியாகும் நீர் கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணுக்குத் திரும்புவதாற் செடி வாடுவதில்லை. கடற்பயணத்தில் மடிந்துபோன செடிகள் இதன் பின்னரே பெருந்தொகையில் உயிரோடு கரைசேரத் தொடங்கின. இறப்பரும் சிங்கோனாவும் நாடு மாறியமைக்கு மாலுமிகளின் திறமையிலும் இப்பேழையே பெருங் காரணம் எனலாம்.

இலங்கை வந்த கன்றுகளுட் பெரும்பாலானவை பிழைத்தன. அவற்றுக்கெனவே கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடையிற் புதிய தோட்டம் அமைக்கப்பட்டது. அங்கு 1881 இல் மரங்கள் முதன்முறை பூத்தன. கோப்பிச் செய்கையை 1869 இல் தோன்றிய இலைநோய் அழித்துக்கொண்டிருந்த காலம் அது. எனினும் தோட்டத்துரைமார் தேயிலையையே நாடினர். மோட்டார் வண்டிகள் பெருகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் இறப்பர் களுத்துறை, கேகாலைப் பகுதிகளிற் பரவியது. மரத்தைத் தொடர்ந்து மனிதரும் கொணரப்பட்டனர். தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் அதிகாலையிற் பால் வெட்டச் சென்றனர். கியூவின் ஏடுகளில் ஒவ்வொரு பேழைக்கும் கணக்குண்டு. கன்றுகளுக்கு நிழலும் நீரும் எவ்வாறு அளிப்பதென்பது குறித்துக் கடிதங்கள் பல எழுதப்பட்டன. அம்மரங்களின் அடியில் உழைத்தோரின் பெரும்பான்மையினர்க்கோ 1948 ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமையை மறுத்தது. எஞ்சியிருந்த நாடற்றோரின் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

இலையுதிர்காலத்தில் இப்பூங்காவின் அழகு உச்சம் பெறும் என்பர். 1987 ஒக்ரோபரில் ஓரிரவு வீசிய பெரும்புயல் அங்கே ஏறத்தாழ 700 மரங்களை வீழ்த்தியது. அவ்வேளை பனையின இல்லம் முற்றாகப் பிரிக்கப்பட்டு மீளக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஈரமும் வெம்மையும் இரும்பை அரித்துவிட்டமையால் 1984 முதல் 1988 வரை அப்பணி நீடித்தது. செடிகள் யாவும் வெளியேற்றப்பட்டன. தென்னாபிரிக்காவிலிருந்து 1775 இற் கொணரப்பட்ட சைக்கசு இனத் தாவரமொன்று அதன் பின்னரும் அங்கே வாழ்கின்றது. அது கியூவிற் கூம்பு விட்டது ஒரே ஒரு முறை, 1819 இல். அதனைக் காண முதுமையிலும் ஜோசப் பாங்ஸ் வந்திருந்தார்.

மீண்டும் குளிர்காலம் வருகையில் 1913 பெப்ரவரி நினைவுக்கு வரும். பெண்களுக்கு வாக்குரிமை கோரிப் போராடியோர் அம்மாதத்தில் ஓகிட் இல்லத்தின் கண்ணாடிகளை நொறுக்கினர். சில நாள்களின் பின் தேநீர் மண்டபம் தீக்கிரையாயிற்று. செடிகள் என்ன பிழை செய்தன என அந்நாளைய பத்திரிகைகள் வெகுண்டன. போராடியோர் இவ்விடத்தைத் தேர்ந்தமை தற்செயல் ஆகாது. பேரரசு தன் பெருமிதத்தை வைத்துப் பேணிய இடம் எதுவென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1916 இல் உலகப் போரின் நடுவே, அதுவரை இலவசமாக இருந்த நுழைவுக்கு ஒரு பென்னி கட்டணம் விதிக்கப்பட்டது.

ஐந்தாண்டு காலத் திருத்தத்தின் பின் 2018 இல் மீளத் திறக்கப்பட்ட இடைவெப்ப இல்லத்தில், தென்னாபிரிக்காவின் ஙோயே காட்டில் 1895 இற் கண்டெடுக்கப்பட்ட சைக்கசு வகையொன்று நிற்கின்றது. அவ்வகையில் ஆண்மரம் ஒன்றே இதுவரை கிடைத்துள்ளது. அதிலிருந்து பிரிக்கப்பட்ட கன்று 1899 இற் கியூவுக்கு வந்தது. 2004 இல் அங்கே முதன்முறை கூம்பு விட்டது. காட்டிலே அவ்வினம் இன்று இல்லை. பெண்மரம் எங்கேனும் உண்டா என்று இன்னும் தேடுகின்றனர்.